கத்தரிச் செடியில் இருந்தது வேறு வண்டு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவள் வேலை. நீராவிக்குள்ளிருந்து ஆள் தெரியாமல் குரல் மட்டும் வருவதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ‘ஆவி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. “பகல்லயே வர்ற ஆவி நான் ஒருத்திதான்” என்பாள்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. கொல்லையில் பீன்ஸும் கத்தரியும் போட்டிருந்தார்கள். நின்று நின்று வீங்கிய காலோடு சாயங்காலம் வந்ததும் அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் செடிகளுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். அப்படி உட்கார்ந்த ஒரு நாள்தான், பீன்ஸ் கொடியில் பளபளவென்று ஒரு சிவப்புப் பொறிவண்டு கொடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை ஒன்றுவிடாமல் வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தாள். அன்றிலிருந்து பொறிவண்டு என்றால் அவளுக்கு உயிர். தங்கையின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு இலை இலையாகத் தேடுவாள்.

கத்தரி இலைகளில் ஓட்டை விழ ஆரம்பித்தபோது வம்பு வந்தது.

“இலையெல்லாம் சல்லடையாப் போச்சுக்கா. உன் செல்லங்க வேலைதான் இது.”

“வாய் கூசாம பழி போடாதே. அதுங்க இலையைத் தொடவே தொடாது.”

“அப்போ கத்தரிச் செடியில என்ன, காத்து வாங்கவா உட்கார்ந்திருக்கு?”

அக்கா விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கொல்லைக் கதவைத் திறக்கும் முன்பே நெடி மூக்கில் ஏறியது. பீன்ஸ் கொடியின் அடியில் சிவப்பு வண்டுகள் மல்லாந்து கிடந்தன.

“மருந்துதானே அடிச்சேன்” என்றாள் தங்கை, கொஞ்சம் பயந்து.

“மருந்தா? உன் கடையில நோய் தீர விக்கிறீங்களே, அதுவும் மருந்து, இதுவும் மருந்தா?”

அதன்பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. பீன்ஸ் கொடியில் அசுவினி அப்பிக்கொண்டு வந்தது. கத்தரியிலோ, மருந்தின் வீரியம் குறைந்ததும் மறுபடி வண்டுகள் வந்து உட்கார்ந்தன.

தன் செல்லங்கள் திரும்பிவிட்டன என்று ஆசையாகக் குனிந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. இவற்றில் பளபளப்பே இல்லை. முதுகில் மெல்லிய ரோமம் படர்ந்து, நிறம் மங்கியிருந்தது. புள்ளிகளும் அளவுக்கு மீறி. ஒன்றைப் பிடித்து, ஒரு கத்தரி இலையையும் அசுவினி மொய்த்த கொடித் துண்டையும் சேர்த்து ஒரு பாட்டிலில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டி வைத்தாள்.

காலையில் கத்தரி இலை வரி வரியாகச் சுரண்டப்பட்டிருந்தது. அசுவினிகள் சுகமாக இருந்தன. அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இதற்காகவா கூடப்பிறந்தவளிடம் மல்லுக்கு நின்றோம்?

தலைவாரிக்கொண்டிருந்த தங்கையிடம் பாட்டிலை நீட்டினாள்.

“நீ சொன்னது பாதி சரி.”

“மீதி பாதி?”

“பீன்ஸ்ல இருந்ததுங்க ஒரு பாவமும் அறியாதது. இது வேற ஜாதி வண்டு.”

தங்கை கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தாள். “ரெண்டையும் பார்த்தா யாருக்கும் ஒண்ணுன்னுதான் தோணும். எனக்கும் தெரியலையேக்கா, எல்லாத்தையும் கொன்னுட்டேனே” என்றாள். “சரி விடு, வேலைக்கு நேரமாச்சு” என்று அக்கா அவள் பின்னலைத் தானே முடித்துவிட்டாள்.

பிறகு தினமும் காலையில் இருவருமாக மங்கல் வண்டுகளைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். பீன்ஸ் அந்த முறை தேறவில்லை. ஆனால் எங்கிருந்தோ சிவப்பு வண்டுகள் மெல்ல வந்து சேர்ந்தன. அடுத்துப் போட்ட பீன்ஸ் கொடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடு பிளந்து ஒரு வண்டு வெளியே வந்தது. வெளிர் மஞ்சள், ஒரு புள்ளிகூட இல்லை.

“இது என்னக்கா, மூணாவது ஜாதியா?”

“தெரியலடி. இரு, பார்ப்போம்.”

அடுப்பில் வைத்ததை மறந்து இருவரும் அங்கேயே குந்தியிருந்தார்கள். நேரம் ஆக ஆக மஞ்சள் முதுகு சிவந்தது; அதில் கறுப்புப் புள்ளிகள் தாமே ஊறி வந்தன. தங்கை அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.