கசக்காத இலையின் வாசம்

காதர் பாய் இறந்த செய்தியைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில்தான் படித்தேன். இரண்டே வரி, அதிலும் அவருடைய முன்னெழுத்து தவறு. இரங்கல் கூட்டத்தில் பேச என்னை அழைக்கவில்லை. எனவே எழுதுகிறேன்.

எங்கள் தாவரவியல் துறையில், உலர்த்திய செடிகளைத் தாளில் தைத்துப் பராமரித்தவர் அவர். கோவையில் அத்தர் வணிகம் செய்த குடும்பம். கண்ணைவிட மூக்கையே நம்புவார். விண்டர்கிரீன் என்ற மலைச்செடியை அவரைப் போல் யாரும் அடையாளம் சொன்னதில்லை.

“தடிச்ச இலைங்க, ஓரம் ரம்பமாட்டம் இருக்கும். அடியில புள்ளி புள்ளியா இருக்கும். வெள்ளைப் பூ, குட்டிக் குடமாட்டம் தொங்கும். எந்த மாசமும் பச்சை மாறாதுங்க. இத்தனையும் பாத்துப்போட்டு, இலையைக் கசக்கி மோந்து பாருங்க. வலித்தைல வாசம் வந்தா அதேதான்.”

தொண்ணூற்றொன்றில் குன்னூருக்கு மேலே செடி சேகரிக்கப் போனோம். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இலையைக் கசக்கிப் போட்டபடி வந்தார். “குப்பை போடாதீங்க பாய்” என்று கடிந்தேன். இறங்கும்போது, பட்டப்பகலில், மூடுபனி கவிந்தது. நீட்டிய கை தெரியவில்லை. அந்த வாசத்தைப் பிடித்தே அவர் என்னைத் திருப்பம் திருப்பமாக இறக்கினார்.

ஓரிடத்தில் எனக்கும் வாசம் வந்தது. இடப்பக்கம், கடும் நெடியாக. திரும்பினேன். என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“சார், நில்லுங்க. அங்க நான் கசக்கலைங்க.”

“அப்புறம் யாரு?”

அவர் காலால் ஒரு கல்லை அந்தப் பக்கம் உருட்டிவிட்டார். அது விழுந்த ஓசை கேட்கவே இல்லை.

மறுவாரம் ஆசிரியர் அறையில் பாய், “நம்ம சார் பள்ளத்துக்குள்ள கிளாஸ் எடுக்கக் கெளம்பிட்டாருங்க!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், துறைத்தலைவர் கூடுதலாகவே சிரித்தார். உயிரைக் காத்தவரோடு, அவர் இறக்கும்வரை ஆறு ஆண்டுகள் நான் பேசவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் மகன் என்னிடம் வந்தார்.

“அத்தா அந்த எடத்துக்கு மறுக்கா போனாருங்க சார். அந்தப் பக்கம் வெறும் பாறைங்களாம். ஒரு செடிகூட இல்லையாம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“‘சொன்னா சார் மலையேறவே மாட்டாரு. சிரிச்ச கதையாவே இருக்கட்டும்’னு சொல்லிப்போட்டாருங்க.”

இது தெரியாமல், இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ முறை அங்கே தனியே போயிருக்கிறேன். அதே திருப்பத்தில், அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சோறு தின்றிருக்கிறேன். பயமில்லாத அந்த ஆறு ஆண்டுகளும் நீங்கள் தந்தவை, பாய். போய் வாருங்கள்.