தானாகத் திறந்த செவுள்

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் நாற்பது வருஷம் ஐஸ் மீன் விற்றவன் நான். மருமகள் என்னை அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போனாள். கோளரங்கத்தில் வானமே தலைக்கு மேல் சுற்றியது. அந்தக் குஷியோடு மீன் தொட்டிகளுக்கு வந்தோம்.

"மாமா, இங்க கடை போட்டு என் மானத்த வாங்காதீங்க" என்றாள்.

பெரிய கெண்டை ஒன்று கண்ணாடி ஓரம் வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவிடம், "செவுள பாரும்மா, செவசெவன்னு கீது. இன்னிக்கு புட்ச மீனு" என்றேன்.

"உசுரோட நீந்திக்கினு கீது, பெரியவரே" என்று அவர் சிரித்தார். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவுள் தானாகத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. இத்தனை வருஷமும் நான்தான் அதை விரலால் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அது மூச்சு விட்டு அன்றுதான் பார்த்தேன்.

"போலாமா மாமா?"

"இரும்மா, இன்னொரு தபா தொறக்கட்டும்."

அவளும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.