தரையை ருசி பார்த்த மல்லிகா அக்கா

பால் சங்கத்தில் காலைப் பாலை அளந்துகொண்டிருந்தபோது மல்லிகா அக்காவின் மகன் போனில் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க சின்னம்மா" என்றார். கையிலிருந்த அளவையைக் கீழே வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். சற்று நேரம் கழித்து ஒருவர் அக்கா அடித்த கேலி ஒன்றை எடுத்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தோம். அக்காவுக்கு அதுதான் பிடித்திருக்கும்.

சோரியாங்குப்பத்தில் பால் ஊற்ற வந்த உங்கள் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். நானும் அவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பல வருடம் வேலை பார்த்தோம். யாரும் கேட்காமலே யோசனை சொல்வது அவர் வழக்கம். நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோனதும் பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல் வந்தது. "ஊர்க் கண்ணு பூரா உன் வூட்டு மேலதான்டி. வெள்ளிக்கிழமையானா தண்ணியில கல்லுப்பு போட்டுத் தரையத் தொடை. கஞ்சத்தனம் பண்ணாம அள்ளிப் போடு" என்றார். அள்ளித்தான் போட்டேன். காய்ச்சல் நின்றது. தெருவில் அக்காவின் மதிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியது.

சில மாதங்களில் கூடத்து சிமெண்ட் தரையில், சுவரோரமாக, விடிந்தால் ஈரத் திட்டுகள் தெரிந்தன. வெயில் ஏறினால் மறையும். கடல்காற்று ஈரமாக வீசினால் திரும்ப வரும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் கொழுந்தனார் புதிதாகக் கட்டிய பாத்ரூம். என் வீட்டுக்காரருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "உன் பாத்ரூம் தண்ணி என் வூட்ல நிக்குது" என்று அண்ணன் கத்த, "ஒரு சொட்டு ஒழுவல" என்று தம்பி கத்த, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலை இரண்டாகப் பிரித்துச் சுவர் எழுப்பக் கொழுந்தனார் செங்கல் இறக்கினார். மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கொத்தனார் வர்றதுக்குள்ள நான் கண்டுபுடிக்கிறேன்" என்று அக்கா கிளம்பி வந்தார். முதலில் பாத்ரூமைப் பூட்டச் சொன்னார். கொழுந்தனார் முறைத்துக்கொண்டே மோட்டார் கொட்டகையில் போய்க் குளித்தார். ஈரம் வந்தது. எங்கள் வீட்டுக் குழாயை அடைத்தார். அப்போதும் வந்தது. அடுத்து எங்கள் பூனையைச் சந்தேகப்பட்டுத் தரையை மோந்து பார்த்து, "இது நல்ல பூனைடி" என்று விடுவித்தார்.

பிறகு ஒரு நாள் மதியம், தரை நன்றாகக் காய்ந்திருந்தபோது, திட்டு வரும் இடத்தில் பால் கேன் மூடி ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் ஈரம்; மூடியின் கீழே மட்டும் காய்ந்த தரை. "கீழேர்ந்து ஊறினா இங்கயும் ஊறியிருக்கணுமே. காத்துலேர்ந்துதான்டி வருது!" என்றவர், மண்டியிட்டு ஈரத்தை விரலால் தொட்டு, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"அடியே, உப்பு!"

வெள்ளிக்கிழமை பக்கெட்டை எங்கே வைத்துத் துடைக்க ஆரம்பிப்பாய் என்று கேட்டார். அந்தச் சுவரோரத்தைக் காட்டினேன். அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தார். அதிலும் நீர் கோத்து நின்றது. மாதக்கணக்கில் தரை குடித்த உப்பு, காற்றில் இருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. திட்டைப் பார்த்துப் பயந்து நான் உப்பை இன்னும் கூட்டிப் போட, திட்டும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது.

விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் நினைத்திருந்தால் அப்படியே அமுக்கியிருக்கலாம். அக்காவோ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வாசலுக்குப் போய் அண்ணனையும் தம்பியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பாத்ரூமும் இல்ல, பைப்பும் இல்ல. நான்தான்! உப்பு போடச் சொன்னவ நான்தான். திட்றதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டுங்கபா."

முதலில் தம்பி சிரித்தார். அண்ணன் கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணி, டீ போடுங்க" என்று கொழுந்தனார் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறக்கிய செங்கல்லில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் மேடை கட்டினார்கள். நல்ல தண்ணீரால் கழுவக் கழுவத் திட்டுகள் மங்கின; ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவே வந்து கழுவினார். கண் திருஷ்டியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "இனிமே மொளகா சுத்திப் போடு, தரைய வுட்டுடு" என்றார்.

மறுநாள் பால் ஊற்ற வந்த ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைத் தானே சொன்னார். "மானம் போவுதேக்கா" என்றேன். "தப்ப வயித்துல வெச்சிக்கினா புளிச்சிடும்டி, சொல்லிட்டா செரிச்சிடும்" என்றார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று முன்பக்கம் ஒரு தோள் என் வீட்டுக்காரர், மறு தோள் கொழுந்தனார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த 'நான்தான்'. போன வாரம் சாவியைத் தொலைத்துவிட்டாள் என்று என் மகளை வாட்டி எடுத்தேன். அது என் முந்தானை முடிச்சிலேயே இருந்தது. சத்தமில்லாமல் ஆணியில் மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. பிறகு, "நான்தான்டி! சாவி எங்கிட்டதான் இருக்குது!" என்று வீடே அதிரக் கத்திவிட்டுச் சிரித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனாரின் குரல் வந்தது: "இன்னா அண்ணி, மல்லிகா அக்கா வந்துட்டாங்களா?"