முதல் ஐந்நூறு மைல்

அப்பா புது மோட்டார் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை, அதனோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்லும்படி வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டையும் ஒரே நேரத்தில் அக்கம்பக்கத்துக்குக் காட்ட அவருக்கு ஆசை. எனக்கும்தான்.

புது இஞ்சினைப் பழக்குவதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. முதல் ஐந்நூறு மைல் வரை, மேல் கியரில் முப்பது மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று படித்துச் சொன்னேன்.

"முப்பதா? அதுக்கு சைக்கிள்லயே போயிருக்கலாமே, மச்சான்" என்றார் அம்மாவின் தம்பி. வயது வந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போதும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"எம் மக படிச்சிச் சொல்லிட்டா. அவ்வளவுதான்" என்றார் அப்பா.

அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நீளமான பத்தி இருந்தது. முதல் வரியிலேயே தெரியாத வார்த்தைகள் மூன்று. நிமிர்ந்து பார்த்தேன். மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை மூடினேன்.

"மீதியெல்லாம் டயருக்குக் காத்தடிக்கிறதப் பத்திப்பா."

பிறகு அம்மாவின் பொட்டுச் சாந்தை ஈர்க்குச்சியில் தொட்டு, வேகம் காட்டும் கண்ணாடியில் முப்பதுக்கு நேரே ஒரு கோடு போட்டேன். மழையில் அது கரைந்தால் மறுநாள் காலையில் திரும்பப் போட்டுவிடுவேன். அப்பா அந்தக் கோட்டை விரதம் மாதிரிக் காத்தார். முள் ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை.

அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். சைக்கிள் இருந்த காலத்தில் தெங்கேரா வரை போய்த் திரும்பிவிடுவார். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு, பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு, தினமும் பிற்பகலில் புக்கிட் ரம்பாய் வரை போனார். கியர் மாற்றுவது அவருக்குப் பிடிக்காது. மாற்றும்போது வண்டி குலுங்கும், பால் தளும்பும். அதனால் மேல் கியருக்கு வந்துவிட்டால் மேடானாலும் பள்ளமானாலும் அதிலேயே போவார்.

பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பும் வழியில், வண்டி பழுதுபார்க்கும் சீனர் ஒருவரின் பட்டறை இருந்தது. எல்லோருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. ஒருநாள் அவருடைய மேசையில் ஒரு பிஸ்டன் கிடந்தது. பூனை பிறாண்டியது போல அதன் மேலெல்லாம் கோடுகள். குருபோங் பக்கத்து ஆளுடைய வண்டி என்றார் தவுக்கே, மலாய்மொழியில். புது வண்டி. ஏற்றத்தில் இஞ்சின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட, ஆள் தூக்கி எறியப்பட்டுச் சாக்கடையில் கிடந்தாராம்.

"வேகமாப் போனாரா?" என்று கேட்டேன்.

தவுக்கே இல்லையென்று தலையாட்டினார். "பெலான் பெலான்." மெதுவாகத்தான் போயிருக்கிறார். மேல் கியரிலேயே, மூட்டைகளோடு. "உன் அப்பாவுக்கும் சொன்னேன், மேடு வந்தால் கியரை மாற்று என்று. மகள் புத்தகம் படித்துவிட்டாள், நீ பேசாதே என்கிறார்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தேன். மெதுவாகப் போனால் மட்டும் போதாது. ஏற்றத்தில் இஞ்சினைத் திணற விடக்கூடாது, திணறுமுன் கியரைக் குறைக்க வேண்டும். அதிகப் பாரம் ஏற்றக்கூடாது. தவறினால் இஞ்சின் இறுகும். டயரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அன்று வீட்டுக்கு ஓடினேன். ஆனால் வாசலில் அப்பா மாமாவிடம் மைல் கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். முந்நூறைத் தாண்டியிருந்தது. "பாத்தியா, ஒரு சத்தம் இருக்கா? படிச்ச புள்ள சொன்னது" என்றார். புத்தகத்தைப் பைக்குள் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

மூன்று நாள் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் போகிறான், கொடி மாறப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம் அது. என் காதில் எதுவும் ஏறவில்லை. நான்கு மணியிலிருந்து தெருமுனைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு வண்டி வந்தால் வாசல்வரை ஓடித் திரும்புவேன். அப்பா வந்து இறங்கியதும் உயிர் வரும். இன்றைக்குத்தான் வந்துவிட்டாரே, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

நான்காம் நாள், புக்கிட் ரம்பாயில் கூடப் படிக்கிறவளிடம் நோட்டு வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டேன். அம்மா, "ரெண்டு கேனுக்கு நடுவுல நீ எங்க உக்காருவ" என்றாள். வழியில் தனியாகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். என் எடையும் அந்த இஞ்சின் மேல்தான் ஏறுகிறது என்பது தெங்கேராவைத் தாண்டிய பிறகே உறைத்தது.

ஏற்றம் தொடங்கியது. கோட்டுக்குக் கீழே முள் இறங்கிக்கொண்டே போனது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. கணுக்காலில் அனல் அடித்தது.

"கியரக் கொறைங்கப்பா."

"பால் தளும்பும், பாப்பா."

"கொறைங்கப்பா."

"கோட்டுக்குக் கீழதானே போறேன்."

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பொய் சொன்னேன்ப்பா. அன்னிக்கி முழுசாப் படிக்கல. கியரக் கொறைக்கணும்னு அதுல போட்டிருக்கு."

அவர் திரும்பவில்லை. கிளட்சைப் பிடித்தார். அதே நொடியில் இஞ்சின் ஒரு கீச்சலோடு நின்றது. சக்கரம் மட்டும் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டது. கிளட்சு அவர் கைக்குள் இருந்ததால் உருண்டது. இல்லையென்றால் எங்கள் இருவரையும் கேன்களையும் அந்த ரோட்டில் யாராவது பொறுக்கியிருப்பார்கள்.

ஓரமாக நிறுத்திக் கிக்கரை மிதித்துப் பார்த்தார். அசையவில்லை. நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கேன்களை அவிழ்த்து ரப்பர் மர நிழலில் வைத்தார்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"நாலு நாளா."

"ஏன் சொல்லல?"

"மாமா முன்னால தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி. அப்புறம் பயமாப் போச்சி. பள்ளிக்கூடத்த நிறுத்திருவீங்கன்னு."

"எனக்கு ஒண்ணு ஆயிருந்தா மாமனா வந்து மாடு கறக்கப் போறான்?" என்றார். பிறகு, "புத்தகத்தக் கொண்டாந்திருக்கியா?"

பையில் இருந்தது. படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். அகராதியிலும் பிடிபடாத இடங்களில் தெரியவில்லை என்றேன். "அது தவுக்கேகிட்ட கேட்டுக்கலாம்" என்றார். பக்கம் முடிந்து வெகுநேரம் கழித்து, இஞ்சின் ஆறிய பிறகு, மறுபடி கிக்கரை மிதித்தார். முதலில் இல்லை. இரண்டாவது தடவை மெல்ல இறங்கியது. இஞ்சினைக் கிளப்பாமல், கேன்களைத் திரும்பக் கட்டி, வீட்டுக்கு வண்டியை உருட்டிக்கொண்டே வந்தோம். பால் திரிந்துபோயிருந்தது.

தவுக்கே பிஸ்டனைத் தேய்த்துப் பூட்டிக் கொடுத்தார். ஐந்நூறு மைலை மறுபடி சுழியிலிருந்து எண்ணச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த இஞ்சினில் ஒரு மெல்லிய தட்டல் எப்போதும் இருந்தது. அது தெருமுனையில் கேட்கும்வரை நான் எந்த வேலையிலும் கை வைத்ததில்லை.

மறுவருடம் குடியுரிமை விண்ணப்பப் பாரம் வீட்டுக்கு வந்தது. அப்பா அதே நாற்காலியைப் போட்டார். மாமாவும் வந்திருந்தார், அவருக்கும் ஒரு பாரம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி.

"முழுசாப் படி" என்றார் அப்பா.

படித்தேன். நான்காவது வரியில் நின்றேன். மாமா என் வாயையே பார்த்தார்.

"இந்த எடம் எனக்குத் தெரியலப்பா" என்றேன்.

அப்பா ஈர்க்குச்சியால் சாந்தைத் தொட்டு அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். "சரி, மேல படி" என்றார்.