நோர்மன் அண்ணையும் ‘தொட வேண்டாம்’ துண்டுகளும்

பேனா மூடியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு, வெள்ளை ஒட்டுத்தாளில் ஒரு துண்டு கிழித்து, நீல மையால் ‘தொட வேண்டாம்’ என்று எழுதி, என் மேசைத் தொலைபேசியின் வயரில் சுற்றி ஒட்டுகிறார் நோர்மன் அண்ணை. ஒட்டியதும் பெருவிரலால் ஓர் அழுத்து. அந்த அழுத்து விழாவிட்டால் துண்டு ஒட்டியதாக அவருக்குக் கணக்கில்லை.

“ஆரண்ணை உந்த வயரைத் தொடப்போகினம்?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் தொடமாட்டினம் தங்கச்சி. எண்டாலும் கிடக்கட்டும்.”

இப்படிக் கிடக்கட்டும், கிடக்கட்டும் என்றே கொக்குவிலில் உள்ள எங்கள் சிறிய தனியார் மருத்துவமனை முழுவதும் ‘தொட வேண்டாம்’ ஆகிவிட்டது. நான் அங்கே மருந்தகத்தில் இருக்கிறேன். அவர் கணினி வலையமைப்பைப் பார்க்கிறார். செருகிகளில், வயர்களில், வயர் ஓடும் குழாய்களில் எல்லாம் துண்டுதான். எப்போதோ பழுதாகிப்போன மின்விசிறியைப் போடுகிற ஆளியிலும் ஒன்று உண்டு. வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. மனைவி றெபேக்கா மெதடிஸ்த தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், நல்ல பகிடிக்காரி. ஒருநாள் என்னிடம் சொன்னார்: “எங்கடை குசினியிலை ஒரு போத்திலிலை உப்பெண்டு வடிவா எழுதி ஒட்டியிருக்கு. உள்ளை சீனி. நான் மாத்திப் போட்டு ரெண்டு வருசமாகுது. அந்தாளுக்கு இன்னும் தெரியாது. தேத்தண்ணி போடுறது நான்தானே.”

ஆள் மெலிவு. ஐம்பதை எட்டப்போகிறார். பங்குனி வெயிலிலும் மரூன் நிறச் சுவெற்றர் போடுவார். ரொறன்ரோவில் இருக்கும் தமையன் பிறேம் அனுப்பியது. ஏன் என்று கேட்டால், “மிசின் அறைக்குள்ளை சரியான குளிர்” என்பார். அந்த அறைக்குள் அவர் போவதே அபூர்வம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் பூட்டின் திறப்புக்கூட வரவேற்பு மேசையில்தான் தொங்குகிறது. தன் மேசையில் இருந்தபடியே எல்லாவற்றையும் செய்து முடிப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. “கையை வைச்சு வேலை செய்யிறவன் மெக்கானிக். நான் இருந்த இடத்திலையிருந்து அதோடை கதைக்கிறனான்.”

மாதத்தில் ஒரு சனிக்கிழமை தலைச்சூடு தணிய வேண்டுமென்று கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போவார். ஊரே கேணிக்குள் குதித்துக் கும்மாளமடிக்க, இவர் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்று, பொலித்தீன் பைக்குள் போட்ட கைத்தொலைபேசியை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பார். மிசின் அறையில் இருக்கும் பெட்டிக்கு ஏதும் வருத்தமென்றால் அதில் தகவல் வருமாம். தண்ணீருக்கு வெளியே நிற்கும் அந்தக் கையைப் பார்த்து, ஆள் தாழ்கிறார் என்று ஒருவர் குதித்துக் காப்பாற்ற வந்ததும் நடந்திருக்கிறது.

இனி அந்தப் பெட்டியின் சங்கதி. ஒருகாலத்தில் இணையத்துக்கு வழிகாட்ட ஒரு பெட்டி, கள்ளரை மறிக்க ஒரு பெட்டி, தொலைபேசிகளை இணைக்க ஒரு பெட்டி என்று அலுமாரி நிறையத் தகரப் பெட்டிகள் இருந்தன. இப்போது அந்த வேலைகளெல்லாம் மென்பொருளாக மாறி ஒரே பெரிய பெட்டிக்குள் இருக்கின்றன. வலையமைப்புச் செயற்பாடுகளின் மெய்நிகராக்கம் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்கு. நோர்மன் அண்ணை அதை விளக்கச் சலிக்கமாட்டார். கேட்காதவர்களுக்கும் விளக்குவார். ஒருமுறை, பிறசர் குளிசை வாங்க என் யன்னலடியில் நின்ற ஒருவர் அகப்பட்டுக்கொண்டார்.

“முந்தி ஆளுக்கொரு வீடு ஐயா. இப்ப எல்லாரும் ஒரு வீட்டுக்கை. ஒரு கிணறு, ஒரு குசினி. என்ரை வேலை என்னெண்டால், உள்ளை படுத்திருக்கிறவையை எழுப்பாமல் அத்திவாரத்தை மாத்திறது.”

“எழும்பிச்சினமெண்டால்?” என்று கேட்டார் அந்த மனிதர்.

நோர்மன் அண்ணை சுவெற்றரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்கு அவர் நிற்கமாட்டார்.

ஏனென்றால் மூன்று வருடங்களுக்கு முன் அத்திவாரம் மாற்றப்போய், படுத்திருந்த அத்தனை பேரும் எழும்பிவிட்டார்கள். ஒருநாள் முழுக்கத் தொலைபேசி இல்லை. வார்ட்டுக்கும் மருந்தகத்துக்குமாக ஓடித் தாதிமாரின் கால் வீங்கியது. எடுத்த ஸ்கான் படங்கள் கொழும்பு நிபுணருக்குப் போகாமல் கிடந்தன. மருத்துவமனைப் பணிப்பாளர் டொக்டர் அடைக்கலநாதன் படிக்கட்டில் நின்று போட்ட சத்தம், தொலைபேசியின் உதவி இல்லாமலே எல்லா வார்ட்டுக்கும் கேட்டது.

அன்று தொட்டு அடுத்த மேம்படுத்தலைத் தள்ளிப்போடுவதே அண்ணையின் வேலையாயிற்று. “நல்லூர்த் திருவிழா முடியட்டும்” என்றார். முடிந்தது. “மாரி துவங்கியிட்டுது, கரண்டை நம்பேலாது” என்றார். மாரியும் போனது. “தைப்பொங்கல் வருகுதெல்லோ” என்றார். ஒரு மெதடிஸ்தருக்குப் பொங்கலில் இவ்வளவு பொறுப்பு இருக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது. இராகுகாலம்கூடப் பார்ப்பார். “நான் நம்புறேல்லை தங்கச்சி. ஆனால் மிசின் இருக்கிறது நம்புற ஆக்களுக்கு நடுவிலை.”

கடைசியில், பழைய பதிப்புக்கு இனி உதவி கிடையாது என்று பெட்டியை விற்றவர்கள் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். டொக்டர் அவரை என் மருந்தக வாசலில் வைத்தே மறித்தார்.

“நோர்மன், இந்தமுறையும் போன் செத்துதெண்டால் நான் ஒரு சத்தமும் போடமாட்டன். பேசாமல் கொழும்புக் கொம்பனியிட்டைக் குடுத்துப்போடுவன். அவங்கள் அங்கையிருந்தே பாப்பாங்கள்.”

சத்தம் போடாத டொக்டரை நாங்கள் யாரும் கண்டதில்லை. ஆகையால் பயம் இன்னும் கூடிற்று. இந்த வேலை போனால் அண்ணைக்கு ஊரில் வேறு வேலை கிடைப்பது லேசில்லை. ரொறன்ரோவில் தமையன் கடதாசிகளை ஆயத்தமாக வைத்துக்கொண்டு இருக்கிறார். “வந்து பனி தள்ளு எண்டு கூப்பிடுறார். நான் கொக்குவிலிலையே சுவெற்றர் போடுறவன்” என்று சொல்லிவிட்டு நோர்மன் அண்ணை என் கண்ணாடி அலுமாரியின் பூட்டிலும் ஒரு துண்டு ஒட்டினார். எனக்குச் சரியான கவலையாய்ப் போய்விட்டது. நான் அவரை எவ்வளவு பகிடி பண்ணினாலும், அவர் இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் வேலைக்குப் போக எனக்கு மனமில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்று குறிக்கப்பட்டது. வெளிநோயாளர் பகுதி பூட்டு. வார்ட்டுகளுக்காக நான் மருந்தகத்தைத் திறந்திருந்தேன். வரவேற்பு மேசையில் தயாளினி. இணுவில் பிள்ளை. தொலைபேசி இணைப்பது முதல் சாமிப் படத்துக்குப் பூ வைப்பது வரை அங்கே எல்லாம் அவள்தான். றெபேக்கா தேவாலயத்துக்குப் போகிற வழியில் அவரை வாசலில் இறக்கிவிட்டு, “ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தவர். இவர் அத்திவாரம் கிண்டப் போறார்” என்று எங்களிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினார். டொக்டர் குருநகர்த் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வார்ட் பார்க்க வருவார். அதற்குள் முடிய வேண்டும்.

நோர்மன் அண்ணை உள்ளதற்கெல்லாம் பிரதி எடுத்து வைத்தார். பிரதியைச் சரிபார்த்தார். பிறகு, சரிபார்த்தது சரியா என்று பார்த்தார். புதிய பதிப்பைப் பெட்டிக்குள் ஏற்றினார். இனி ஒரு விசைதான். அழுத்தினால் பெட்டி தானாக அணைந்து, புதிய அத்திவாரத்தோடு எழும்ப வேண்டும். எங்கள் ஊரில் வெளிக்கிடுகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை, ‘போட்டு வாறன்’ என்று திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். வழியனுப்புகிறவரும் ‘போட்டு வா’ என்பார். நோர்மன் அண்ணை விசையில் விரலை வைத்து, திரைக்குக் கிட்டக் குனிந்து மெல்லச் சொன்னார்.

“போட்டு வா.”

போனது. வரவில்லை.

“கொஞ்சம் சுணங்கும்” என்றார். சுணங்கிக்கொண்டே இருந்தது. மேல்மாடித் தாதி ஒருத்தி இறங்கி வந்து, “என்ன, போன் இல்லையோ?” என்று கேட்டுவிட்டுப் போனாள். நோர்மன் அண்ணை சுவெற்றரைக் கழற்றித் தோளில் போட்டார். அவர் அதைக் கழற்றி நான் கண்டது அன்றுதான்.

கைத்தொலைபேசியில் பெட்டிக்காரரின் உதவி மையத்தை எடுத்தார். உலகத்தின் எந்த மூலையிலோ ஒரு பெண். “ஐ பெக் யுவர் பார்டன், மடம்” என்று மிஷன் பாடசாலை ஆங்கிலத்தில், வீடு பற்றி எரிந்தாலும் மரியாதை குறையாமல் நிலைமையைச் சொன்னார். அந்தப் பெண் சொன்னது இதுதான்: பெட்டியின் முன்பக்கத்தில் கொன்சோல் என்று ஒரு துளை இருக்கிறது. வலையமைப்பு படுத்துவிட்டால் பெட்டியோடு நேரே பேச அது ஒன்றுதான் வழி. அதில் வயரைக் கொழுவிப் பாருங்கள்.

இருந்த இடத்திலிருந்து கதைக்கிறவர் எழும்பிப் போகவேண்டியதாயிற்று. தயாளினி திறப்போடு வந்தாள். நோர்மன் அண்ணை அலுமாரியின் முன்னால் முழங்காலில் நின்று வெளிச்சம் பிடித்தார். பெட்டியின் முகமெல்லாம் துளை, துளையெல்லாம் வயர், வயரெல்லாம் ‘தொட வேண்டாம்’. ஒரு துளை மட்டும் வெறுமையாக இருந்தது, அதுதான் கொன்சோல். அதில் வயரைச் செருகினார். ஏறவில்லை. திருப்பிச் செருகினார். ஏறவில்லை. கிட்டக் குனிந்து மூக்கை வைத்தார்.

“சந்தனம்” என்றார்.

தயாளினியின் கை வாய்க்குப் போனது. “ஐயோ அண்ணை! நான்தான். நவராத்திரியிலை வாணிவிழாவுக்கு எல்லா மிசினுக்கும் பொட்டு வைச்சனான். உதுக்கு வைக்க இடமே இல்லை. எங்கை பாத்தாலும் தொட வேண்டாமெண்டு ஒட்டியிருக்கு. அதிலை மட்டும்தான் ஒண்டும் எழுதேல்லை. நல்ல அப்பமாய் அப்பிவிட்டிட்டன்.”

மருத்துவமனை முழுவதும் தேடினாலும் அந்தத் துண்டுகளை வாசித்து, அதன்படி நடந்த மனிசி இவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியாலேயே வினை வந்தது.

“அதிலை ஏன் அண்ணை ஒட்டாமல் விட்டனியள்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அதை ஆர் தொடப்போகினம் எண்டு விட்டிட்டன்.”

நான் ஓடிப்போய் ஸ்பிரிற்றும் பஞ்சும் ஊசியும் கொண்டுவந்தேன். “ஊசி வேண்டாம் தங்கச்சி! உள்ளை மெல்லிய கம்பியள் நிக்குது. ஒண்டு வளைஞ்சாலும் துலைஞ்சுது.” தயாளினி முற்றத்துக்கு ஓடி, விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை முறித்துக்கொண்டு வந்தாள். நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிற்றில் தோய்த்து, பிள்ளைக்குக் காது துடைப்பது போல அவர் கிண்டத் தொடங்கினார். நாலைந்து மாதம் காய்ந்த சந்தனம் கல்லாகிக் கிடந்தது. மஞ்சள் தூள் துகள் துகளாக அவர் மடியில் உதிர்ந்தது. “இணுவில் கந்தா, காப்பாத்தப்பா” என்று தயாளினி முணுமுணுத்தாள். நோர்மன் அண்ணையின் உதடும் செபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

“ரெண்டு பேரும் விடாமல் கேளுங்கோ. ஆராவது ஒருத்தருக்கு நேரமிருக்கும்” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே டொக்டரின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் படியேறி நேரே வார்ட்டுக்குப் போகும் சப்பாத்துச் சத்தமும் கேட்டது. தயாளினி அழத் தொடங்கிவிட்டாள்.

வயர் ‘டிக்’ என்று ஏறியது.

மடிக்கணினியில் எழுத்துகள் வந்தன. பெட்டி சாகவில்லை. புதிய பதிப்போடு எழும்பி, தன் சேமிப்பு வட்டில் ஒரு சின்னப் பிழையைக் கண்டு, திருத்தட்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் அவ்வளவு நேரமும் காத்து நின்றிருக்கிறது. வேலிப் படலையில் நின்று கூப்பிட்டுக் களைத்த விருந்தாளியின் நிலைதான்.

“அட விசரா, கேட்டுக்கொண்டெல்லோ நிண்டிருக்கிறாய்! ஓமடா ஓம், திருத்து!” என்று வாயாலும் சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினார்.

வழிகாட்டுகிறவர் முதலில் எழும்பினார், பிறகு கள்ளரை மறிக்கிறவர். தொலைபேசிக்காரர் மட்டும் கொஞ்சம் சுணங்கினார். திடீரென்று வரவேற்பு மேசையில் மணி அடித்தது. தயாளினி விழுந்தடித்து ஓடி எடுத்தாள். மேல்மாடியிலிருந்து டொக்டர்.

“ஒண்டுமில்லை பிள்ளை. போன் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். நோர்மன் அண்ணை அப்படியே தரையில் இருந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கனடாவும் பனியும் இப்போதைக்கு இல்லை என்ற சந்தோசம்தான்.

தயாளினி திரும்பி வந்து கதவோரம் நின்றாள். “இனி உந்த மிசினுக்கு நான் பொட்டே வைக்கமாட்டன் அண்ணை. சத்தியமா.”

அவர் எழும்பிச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, காற்சட்டைப் பைக்குள்ளிருந்து ஒட்டுத்தாளை எடுத்தார். ஒரு துண்டில் ‘தொட வேண்டாம்’ என்று எழுதிக் கொன்சோல் துளையின் அருகே ஒட்டினார். இத்தோடு முடிந்தது என்று நான் வெளிக்கிட்டேன். அவர் பேனா மூடியை மறுபடியும் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு இன்னொரு துண்டு கிழித்தார். பெட்டியின் மேல்மூடியில், துளையோ வயரோ இல்லாத வெறுந்தகரத்தின் நட்டநடுவைச் சுவெற்றர்க் கையால் துடைத்தார். ‘பொட்டு இங்கே’ என்று எழுதி அதில் ஒட்டி, சந்தனத் தூள் படிந்த பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.