மூச்சு எடுக்காத முதல் வரிசை

இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது. நாளை காலை வகுப்பு, மாலையில் பயிற்சி. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை விசுவாசக் குடும்பத்தாரான உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பெரிய அற்புதம் என்று எதிர்பார்த்து வாசிக்காதீர்கள். நான் கேட்டது ஒன்று, அவர் தந்தது வேறொன்று. தந்ததுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

என் பெயர் ரூத். ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் தமிழ்ச் சபையில் சின்ன வயதிலிருந்தே ட்ரொம்போன் வாசித்தேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் நான் ஒருத்திதான். நான் நிறுத்தினால் ஊதுவதற்கு வேறு ஆள் இல்லை. பாட்டில் எந்த இடத்தில் மூச்சு எடுக்க விடுவார்களோ அந்த இடத்தில் எடுப்பேன், மற்ற இடமெல்லாம் பிடித்துக்கொண்டே போவேன். இப்படித்தான் நான் பழகினேன்.

போன வருடம் இசை ஆசிரியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து ரயிலில் போகவேண்டிய ஒரு சின்ன நகரம், அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கவேண்டும். அம்மா சந்தோஷத்தில் அழுதார். அப்பா அழவில்லை. "மியூசிக் படிச்சு என்ன செய்யப் போறாய்? ஒரு நல்ல தொழிற்பயிற்சி, அவுஸ்பில்டுங் செய்தாலாவது கையிலை ஒரு தொழில் இருக்கும்" என்றார். அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் எங்களை ஆலயத்துக்கு ஏற்றிக்கொண்டு வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். வெளியே காரில் உட்கார்ந்து போனில் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டு இருப்பார். சபையில் எல்லோருக்கும் இது தெரியும். சிலர் ஆராதனை முடிந்து காரடியில் போய்க் கேக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

கல்லூரியில் ஊதுகருவி படிக்கிற எல்லோரும் முதல் வருடம் பாண்ட் குழுவில் சேரவேண்டும். நடந்துகொண்டே வாசிக்கிற குழு. ஜேர்மனியில் ட்ரொம்போன்காரருக்கு எப்போதும் முதல் வரிசை. பின்வரிசையில் நின்றால் குழாயை நீட்டும்போது முன்னால் போகிறவரின் முதுகில் இடிக்கும். கேட்க நல்ல காரணம்தான், ஆனால் முதல் வரிசையில் விழுகிறவள்மேல் முழுக் குழுவும் ஏறி நடக்கும். இலையுதிர்கால ஊர்வலத்தில் யார் நன்றாகப் போகிறார்களோ அவர்களைத்தான் குழுவில் வைத்திருப்பார்கள். குழுவில் இடமில்லை என்றால் அந்தப் படிப்பைத் தொடர முடியாது.

முதல் வாரங்களை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது. புல்வெளியில் வரிசை பிசகாமல் நடக்கவேண்டும், கால் பார்க்கக்கூடாது, தாள் பார்க்கக்கூடாது. உதடு வீங்கிவிடும். அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே படுத்துவிடுவேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். பாலர் வகுப்பிலிருந்தே ஊர்க் குழுவில் நடந்து வாசித்தவர்கள். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு ஒரே நேரத்தில் நடக்கவும் ஊதவும் நினைக்கவும் வேண்டியிருந்தது.

ஊர்வலத்துக்கு ஒரு மெதுவான அணிவகுப்புப் பாடல். நடுவில் மற்றவர்கள் ராகத்தை வாசிக்க, நாங்கள் ட்ரொம்போன்காரர் அடியில் ஒரே சுரத்தை நீளமாகப் பிடிக்கவேண்டும். குழுவை நடத்துகிற அம்மையார் அந்த இடம் வரும்போதெல்லாம் கையைக் காட்டுவார். "இந்த இடத்தில் சத்தம் அறுபடவே கூடாது" என்பார். நான் பக்கத்தில் பார்த்தேன். ஒருவரும் மூச்சு எடுப்பதாகத் தெரியவில்லை. சத்தமும் அறுபடவில்லை. ஆகையால் நானும் எடுக்கவில்லை. கண் இருண்டாலும் பிடித்தேன். இவர்களுக்கு முடியுமென்றால் எனக்கும் முடியவேண்டும் என்று நினைத்தேன். ஆலயத்தில் தனியாகப் பிடித்தவள்தானே நான்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சியில் விழுந்தேன். புல் முகத்தில் பட்டதுதான் ஞாபகம். பின்னால் வந்தவர்கள் தடுமாறி நின்றார்கள், ட்ரொம்போனின் குழாய் வளைந்துபோனது. அம்மையார் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம் தந்தது. "அடுத்த வெள்ளி வரை பார்ப்போம் ரூத். அப்போதும் இப்படி என்றால் உன்னை ஊர்வலத்தில் விடமுடியாது. உன் நன்மைக்குத்தான்" என்றார். டொக்டரிடம் போனேன். நெஞ்சும் சரி, இரத்தமும் சரி என்றார். ஏதாவது நோய் வருத்தம் என்று சொல்லியிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போன் எடுத்து அழுதேன். "ஏலாதம்மா. எனக்கு உண்மையாவே ஏலாது. நான் விட்டிட்டு வாறன்."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. "நான் அப்பவே சொன்னனான்."

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்று அவரிடம் சொல்லிவிட்டு அம்மா என்னிடம் கேட்டார். "பிள்ளை, சாப்பிட்டனியே? முதல்ல சாப்பிடு. நாங்கள் உன்னைச் சங்கிலியிலை வைக்கிறம்."

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைகளில் சங்கிலி ஜெபம் உண்டு. காலையிலிருந்து இரவுவரை ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் எடுப்பார்கள். இருக்கிற இடத்திலேயே ஜெபிப்பார்கள். அம்மா முதியோர் இல்லச் சமையலறையில் மதிய இடைவேளையில் ஜெபிப்பார். ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் தொடங்குவார், இடையில் வெறுமை விழக்கூடாது. மாலை ஐந்து மணி பல வருடமாக என்னுடைய நேரம். பாண்ட் பயிற்சியும் வெள்ளி ஐந்து மணி. கல்லூரிக்குப் போனதிலிருந்து என் நேரம் வெறுமையாகக் கிடக்கிறது என்பது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"என்ரை அஞ்சு மணிதான் அறுந்துபோச்சே அம்மா. அங்கை அறுந்த சங்கிலி எனக்கு என்ன செய்யும்?"

"ஆர் சொன்னது அறுந்ததெண்டு? அதை ஒராள் எடுத்து எவ்வளவு நாளாச்சு. நீ போய்ச் சாப்பிடு" என்றார். யார் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். முழங்காலில் நின்றால் தூங்கிவிடுவேன். பஸ்ஸில் இருந்துகொண்டு, "ஆண்டவரே, எனக்கு நீளமான மூச்சைத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு அதுவும் குறைந்து "ஏலாது ஆண்டவரே" என்று ஆனது. அதையெல்லாம் ஜெபம் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

வெள்ளி வந்தது. வளைந்த குழாயைத் திருத்தக் கொடுத்திருந்ததால் கல்லூரியின் இரவல் ட்ரொம்போனோடு போனேன். வரிசையில் என் பக்கத்தில் நிற்கிற லேனா, குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு சும்மா கேட்டாள்.

"அந்த நீள இடத்தில் நீ எங்கே மூச்சு எடுக்கிறாய்? நான் கவனிக்கவே இல்லை."

"எடுக்கிறதில்லை. ஒருவரும் எடுக்கிறதில்லையே."

அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "கடவுளே! முழுவதையும் ஒரே மூச்சிலா பிடித்தாய்? நாங்கள் எல்லோருமே எடுக்கிறோம் ரூத். ஒரே நேரத்தில் எடுக்கிறதில்லை, அவ்வளவுதான். நான் எடுக்கும்போது நீ பிடி. நீ எடுக்கும்போது நான் பிடிக்கிறேன். சத்தமில்லாமல் விட்டுப்போய், மெதுவாகத் திரும்பி வா. தெருவில் நிற்கிறவனுக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கும். உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா?"

ஒருவரும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து செய்கிறவர்களுக்கு இதையும் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்காது. தனியாக வாசித்து வளர்ந்த எனக்கு இப்படி ஒன்று உண்டு என்றே தெரியாது.

நகரத்து ஆலய மணி ஐந்து அடித்தது. நடக்கத் தொடங்கினோம். அந்த இடம் வந்தது. நெஞ்சு முட்டியது. பழைய பயத்தோடு உதட்டை எடுத்து மூச்சை இழுத்தேன். சத்தம் அறுபடவில்லை. லேனா பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் திரும்பி உள்ளே வந்ததும் அவள் எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டு ட்ரொம்போன் ஊதுவது லேசான வேலை இல்லை, ஆனால் அன்று ஊதினேன்.

மாதக் கடைசியில் ஊர்வலம். தூறல், குளிர். நான் முதல் வரிசையில் விழாமல் நடந்தேன். வீட்டாரும் வந்திருந்தார்கள். முடிந்ததும் அப்பா குடையைப் பிடித்தபடி வந்து, "பரவாயில்லை. ஒரு இடத்திலையும் சத்தம் அறுந்துபோகேல்லை" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. குழுவில் என் இடம் உறுதி என்று அம்மையார் அன்றே சொன்னார்.

திரும்பும்போது காரில் அம்மாவிடம் கேட்டேன். "என்ரை அஞ்சு மணியை ஆரம்மா எடுத்தது?"

அம்மா விரலால் காரோட்டுகிறவரைக் காட்டினார்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "வேலை முடிஞ்சு வந்து காருக்குள்ளை இருப்பன். போனை நிப்பாட்டி வைப்பன். கொம்மா சொன்னவ, இடம் வெறுமையாக் கிடக்கக் கூடாதெண்டு."

"என்னப்பா ஜெபிக்கிறனீங்கள்?"

"எனக்கு ஜெபிக்கத் தெரியாது. உன்ரை பேரைத்தான் சொல்லிக்கொண்டு இருப்பன். ரூத், ரூத் எண்டு. ஒரு மணித்தியாலமும்."

நான் பின்சீட்டில் முகத்தை மூடிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நான் நீளமான மூச்சைக் கேட்டேன். அவரோ நான் மூச்சு எடுக்கும்போது பிடிக்க ஆட்களை வைத்திருந்தார். ஒருத்தியை என் பக்கத்திலும், ஒருவரை நான் நினைத்தே பார்க்காத இடத்திலும்.

அப்பா இப்போதும் ஆலயத்துக்குள் வருவதில்லை. வெள்ளி ஐந்து மணியைத் திருப்பிக் கேட்டேன், தரமாட்டார் என்கிறார். "நீ வேறை நேரம் எடு" என்கிறார். இப்போது நான் வகுப்புக்குப் பஸ்ஸில் போகிற காலை ஏழு மணியை எடுத்திருக்கிறேன். களைப்பு போகவில்லை. தோள்வலியும் போகவில்லை. ஆனால் தனியாகப் பிடிக்கிறேன் என்ற பயம் போய்விட்டது.

அன்பானவர்களே, உங்களில் யாராவது ஜெபிக்கவும் முடியாமல் சோர்ந்திருந்தால் தயவுசெய்து வெட்கப்படாமல் சபையில் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சங்கிலியில் கொடுங்கள், உங்கள் நேரத்தை இன்னொருவர் எடுக்க விடுங்கள். கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுங்கள், ஆண்டவர் கோபிக்கமாட்டார். அந்த நேரத்தில் எங்கேயோ நிறுத்தியிருக்கும் ஒரு காருக்குள், ஜெபிக்கத் தெரியாத ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்.