எருக்கம்பால் வைத்த காது

எங்கள் வீட்டில் காது குத்துவதென்றால் திருச்சுழிப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலில்தான் குத்த வேண்டும். மழை பொய்த்து, பருத்தியும் பொய்த்து, வருடா வருடம் தள்ளிப்போனதில் எட்டு வயது வரைக்கும் என் காது மூளியாகவே கிடந்தது. கடைசியில் ஒரு சித்திரையில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். நான் ஊரைக் கூட்டினேன். மாமா என் வாயில் கற்கண்டைத் திணித்தார்.

அம்மாவின் அண்ணன் அவர். மல்லாங்கிணற்றில் பலசரக்குக் கடை. வெறுங்கையோடு எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார், ஒரு சேவுப் பொட்டலமாவது இருக்கும். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். மூன்று வருடமாகக் கோடை லீவுக்கு அக்காவைக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம், பதிமூன்று வயதில், அக்கா போகமாட்டேன் என்று நின்றாள்.

காதுகுத்துக்கு நாலு நாள் முன்னால் அடுப்படியில் அம்மாவிடம் அவள் சொன்னதை நானும் கேட்டேன்.

"மாமா நல்லவுக இல்லம்மா. அத்தை வீட்ல இல்லாதப்ப எங்கிட்ட அசிங்கமா நடந்துக்கிறாக."

அம்மா பதறி அவள் வாயைப் பொத்தினாள். "எங்கூடப் பொறந்தவுகளப் பத்தி இன்னொரு தடவ இப்படிச் சொன்னா நாக்கு அழுகிப்போகும், பாத்துக்க."

எனக்குத் தெரிந்த அசிங்கம் மூக்கைச் சிந்திச் சுவரில் தடவுவதுதான். இரண்டு நாள் அக்காவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

காதுகுத்து முடிந்து பந்தியில் உட்கார்ந்த மாமா, "பெரியவ வராட்டிப் போறா. புண்ணு ஆறவும் சின்னவளக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கடையில் சீனிமிட்டாய் ஜாடி என் உயரத்தில் இருக்கும்.

காதுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைப்பது அக்காவின் வேலை. ஆறிக்கொண்டு வந்த காது, மாமா வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பணியாரம் போல் வீங்கிச் சீழ் கோத்தது. கண்மாய்க்கரை எருக்கஞ்செடியிலிருந்து அவள் பாலெடுத்து வந்ததை நான் பார்த்திருந்தேன். மருந்து என்று சொல்லித்தான் தடவினாள். வலி பொறுக்காமல் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். அப்பா வேப்பங்கம்பை ஒடித்து, ஏன் வைத்தாய், ஏன் வைத்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அவள் வாயே திறக்கவில்லை. அம்மா தடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு அழுகும் என்றார்கள், அழுகியது என்னவோ என் காது.

மாமா வந்து பார்த்துவிட்டு, காலாண்டு லீவுக்கு வருவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி வந்தார். அக்கா எதுவும் செய்வதற்குள் அம்மாவே முந்திக்கொண்டாள்.

"சின்னவ எங்கயும் வரலண்ணே. இங்கனயே கெடக்கட்டும்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு வழக்கம்போல் இலை போட்டுப் பரிமாறினாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அக்கா கல்யாணத்திலும் தாய்மாமனுக்குரிய மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

குழந்தையிடம் தப்பாக நடந்தவர் சொந்தக்காரராக இருந்தால் தண்டனை கூடுதல், தெரிந்தும் மறைத்தவர்களையும் சும்மா விடாது என்று இப்போது சட்டம் இருக்கிறது. இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று பேப்பரில் வந்திருந்ததை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். என் கோணல் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா ஒங்காது தப்பிச்சிருக்கும்" என்றாள்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவுக்குப் பொறாமை, சீனிமிட்டாய் எனக்குக் கிடைக்கக் கூடாதென்று செய்துவிட்டாள் என்பதுதான். பள்ளிக்கூடம் திறக்கும்வரை அவளோடு நான் பேசவில்லை. அவள் தினமும் மஞ்சள் அரைத்து என் காதில் வைத்துவிட்டு, முதுகைத் தரையில் வைக்க முடியாததால், குப்புறப் படுத்துக்கொள்வாள்.